நல்ல வயிற்றுவலி

என் பெரியப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தமாகிவிட்டது என்று சொந்தமாகக் கிளினிக் வைக்கவில்லை. பழைய ஆட்கள் விட்டால்தானே? வீடு தேடி வருவார்கள். வந்தவருக்கு என்ன கோளாறாக இருந்தாலும் முதலில் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார். தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்: “முள்ளு விரல்லதான் ஏறிச்சி டாக்டரே. நெஞ்சுல இன்னாத்த பாக்கறீங்க?” வீடே சிரித்தது. பெரியப்பா விரலுக்கு வர மேலும் ஐந்து நிமிடம் ஆயிற்று.

நான் அப்போது நாலாம் வகுப்பு. பிரெஞ்சு டிக்டேஷன் அன்று எனக்கு வயிறு வலித்தது. போன வாரமும் அதே கிழமையில்தான் வலித்தது. நம்பாத அம்மா, பாதிப் பின்னலோடு என்னைப் பெரியப்பாவிடம் இழுத்துப் போனார்.

அவர் வயிற்றைத் தொடவே இல்லை. நெஞ்சில் வைத்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். மறுபடி வைத்தார், முதுகிலும் வைத்தார். பொய் நெஞ்சுக்குள்தானே இருக்கிறது, அது அவருக்குக் கேட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். “புள்ள நெஞ்சுல ஏதோ சத்தம் கேக்குது. நாளைக்கே கூட்டிம்போயி எக்கோ எடு.”

“உனக்குத்தான் காது சரியில்லையேண்ணா” என்று அப்பா இழுத்தார்.

“எனக்கே கேக்குதுன்னா பாத்துக்க.”

எக்கோ ஸ்கேனில் பார்த்தால், இதயத்தில் ஓட்டை இருந்தது. இரண்டு மாதத்தில் ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். இன்னும் சில வருடம் விட்டிருந்தால் கஷ்டம் என்றாராம் ஆபரேஷன் செய்த டாக்டர்.

வீடு திரும்பியதும் பெரியப்பா ஃபேனை நிறுத்திவிட்டு நெடுநேரம் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“வயித்துவலி எப்படி இருக்கு?”

“போயிடுச்சி பெரியப்பா.”

“நல்ல வயித்துவலிடி அது” என்று ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டி வைத்தார்.

அவரை ஏமாற்றிவிட்டதாக வெகுகாலம் எனக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் பள்ளிக்கூடத்து வயிற்றுவலிகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவருக்கு, நான் உள்ளே வரும்போதே தெரிந்திருக்கும். தெரிந்தும், பொய் சொல்ல வந்தவளைக்கூட நெஞ்சில் வைத்துப் பார்க்காமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இன்றும் காலாப்பட்டில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அன்று அவருக்கு நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. டிக்டேஷனிலிருந்து காப்பாற்றியதற்காகப் பிள்ளையாருக்குத்தான் சொன்னேன்.