ஆடி பிறக்கும் முன் ஒரு போக்கியம்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அடுத்தவர் பணத்தில் எழும்பியது. எண்பதுகளின் தொடக்கம் அது. மில் சம்பளத்தை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது, மாடியைக் கட்டிவிட்டால் பின்னால் வாடகைக்கு விடலாம் என்று நான்தான் என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். கையில் பணமில்லை. ஒரு குமாஸ்தாவிடம் போக்கியப் பணம் வாங்கிக் கட்டினோம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு அவர் வாடகையில்லாமல் குடியிருப்பார். காலி செய்யும்போது அந்தத் தொகையை அப்படியே திருப்பித் தர வேண்டும். கீழே இருந்த இரண்டு அறைகளின் வாடகை வீட்டு வரிக்கும் வெள்ளையடிக்கவும் மோட்டார் ரிப்பேருக்குமே சரியாகப் போய்விடும்.

ஓர் ஆனி மாதம் குமாஸ்தா வந்து நின்றார்.

"அக்கா, நெல்லித்தோப்புல வீடு கட்டிட்டேன். ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிப் போயிடணும். பணத்தை எடுத்து வெச்சிடுங்க."

நியாயமான பேச்சுதான். பணத்துக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்து மில்லில் ஸ்டிரைக் வேறு. புதிதாக வருகிறவரிடம் போக்கியம் வாங்கிப் பழையவருக்குக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. ஆள் கிடைக்காவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். எதிர்வீட்டு வட்டிக்கடைக்காரர் அதற்குள் விலை பேச ஆரம்பித்துவிட்டார். பாவி மனுஷன், வெற்றிலையை மென்றுகொண்டே எங்கள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தரகர் ஆட்களை அழைத்து வந்தார். எல்லோருக்கும் மாடி பிடித்திருந்தது. ஏறி இறங்கி, குழாயைத் திருகிப் பார்த்து, என் கையால் காப்பியும் குடித்துவிட்டு, கடைசியில் ஒரே பாட்டு: "ஆடி வருதே, ஆவணில பாத்துக்கலாம்." ஆவணி வரைக்கும் குமாஸ்தாவை என்ன உறியிலா கட்டித் தொங்கவிடுவது? எரிச்சலாக வந்தது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆடியில் நான் ஒரு புதுத் துடைப்பம்கூட வாங்க மாட்டேன்.

நாத்தனாரிடம் கடன் கேட்கப் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினேன். வழியில் மாதா கோயிலில் ஒரு கல்யாணம். வாசலில் நின்ற ஓர் அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அடுத்த மாசம் எம் பொண்ணுக்கு. அதுக்குள்ள வீடு மாறணும். ஒன்னும் அமைய மாட்டேங்குது."

அடுத்த மாசம் ஆடியாச்சே, ஆடியில் கல்யாணமா என்று வாய்வரை வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். அடி கூறுகெட்டவளே! ஆடியே பார்க்காத வீடுகள் ஊரில் எத்தனை இருக்கின்றன, இத்தனை நாளும் என் தெருவையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேனே!

வெட்கத்தை விட்டுவிட்டுக் கேட்டேன். "அம்மா, போக்கியத்துக்கு மாடி வீடு ஒன்னு இருக்கு. வந்து பாக்கறீங்களா?"

அவள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். மறுநாளே இருவரும் வந்தார்கள்.

"எங்களுக்கு ஏதும்மா ஆடி? இந்தா பணம். எப்போ காலி ஆவும்?" என்றாள்.

அந்தப் பணம் மாடிப்படி ஏறும் நேரம்தான் என் கையில் இருந்தது. குமாஸ்தா எண்ணி வாங்கிக்கொண்டு ஆனி கடைசி நாளில் கிளம்பினார். அன்று மத்தியானம் படுத்தவள் விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் பயந்துபோய் எழுப்பினார். கடன் தீரவில்லை, ஆள்தான் மாறியது. அது எனக்குத் தெரியாதா? ஆனாலும், அப்பாடா!

ஆடி முதல் நாள் கட்டிலும் பீரோவும் மாட்டுவண்டியில் வந்து இறங்கின. அந்த அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா, மனசு குறுகுறுங்குதா? உங்க வழக்கம் எதுனா இருந்தா செஞ்சுடு. எனக்கு ஒன்னும் இல்ல."

ஆடியில் போய் அதையா செய்வது? தயங்கினேன். எதிர்வீட்டு வாசலில் வட்டிக்கடைக்காரர் வெற்றிலை மெல்லுவதையும் மறந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பால் வாங்கி வந்தேன். அவளுடைய அடுப்பில், ஆடி மாதத்தில், நானே காய்ச்சினேன். பொங்கி வழிந்தது.

"அழுவறியா?" என்றாள்.

புகை என்று சொல்லியிருக்கலாம். "எங்க வீடு எங்ககிட்டயே இருக்கு" என்று மூக்கைச் சிந்தினேன். அவள் பாலில் சர்க்கரை போட்டு ஆற்றி, முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள்.