அந்தூசா துப்பவில்லை

நாக்சோஸ் தீவில் உருளைக்கிழங்குக்குப் பஞ்சம் என்று சொன்னால் கழுதைகூடச் சிரிக்கும். மலைகளுக்கு நடுவே விளைகிற கிழங்கு ஏதென்ஸ் வரைக்கும் கப்பலேறிப் போகிறது. அப்படிப்பட்ட தீவில், பண்டெலிஸின் ஹோட்டல் சமையலறைக்கு மட்டும் ஹாலந்திலிருந்து உறைந்த கிழங்கு வறுவல் பை பையாக வந்து இறங்கும். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான், ஆனால் இங்கே ஊசியை வாங்குகிறவனே கொல்லன். அந்தப் பைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தூசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தூசாவுக்கு ஐம்பத்தேழு வயது. ஏப்ரலில் திறந்து அக்டோபரில் மூடுகிற அந்த ஹோட்டலின் உணவுக்கூடம் இருபத்திரண்டு கோடைகளாக அவள் பொறுப்பில் இருந்தது. பண்டெலிஸின் அப்பா காலத்தில் சேர்ந்தவள், அவனைக் கைக்குழந்தையிலிருந்தே தெரிந்தவள். அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போய் மெல்போர்னில் இறங்கினான். இறங்கினதுதான், பிறகு ஏறவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. குளிர்காலம் ஐந்து மாதமும் மலைமேல் இருக்கிற வீட்டில் கணப்பு, தொலைக்காட்சி, காற்று, இவ்வளவுதான் துணை. மார்ச் மாதம் பண்டெலிஸிடமிருந்து போன் வரும், "கிரா அந்தூசா, வர்றீங்கள்ல?" என்று, மூத்த பெண்களுக்குரிய 'கிரா' மரியாதையோடு. அந்தப் போனுக்காக அவள் குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போவாள்.

விருந்தாளிகளைத் திட்டாத நாள் கிடையாது. விடிந்தும் விடியாமலும் நீச்சல் குளத்தருகே ஓடிப் போய்ச் சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார்கள். தின்ன முடியாத அளவுக்குத் தட்டில் அள்ளி வைத்துக்கொண்டு பாதியை விட்டுப் போவார்கள். ஆனால் காலையில் கூடத்தின் கதவைத் திறந்ததும் அத்தனை முகங்களும் அவளைப் பார்த்து ஏதாவது ஒரு மொழியில் வணக்கம் சொல்லும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆகஸ்டில் ஹாலந்திலிருந்து ரூட்கர் என்று ஒருவன் மனைவி லோட்டேயோடும் எட்டு மாதப் பெண் குழந்தையோடும் வந்து தங்கினான். குழந்தை பெயர் ஃபென்னா. தங்க முடி, உப்பின கன்னம், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் 'எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கண் படாமலிருக்க ஒருத்தராவது தூ என்று சொல்ல வேண்டுமே. கண் பட்டால் கல்லும் பிளக்கும், இது பச்சைக் குழந்தை. நான்கு நாள் அவள் குழந்தையைப் பாராட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் காப்பி ஊற்றக் குனிந்தபோது ஃபென்னா அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கெக்கலி கொட்டியது. அந்தூசா உருகிவிட்டாள்.

"அடி என் பொம்மைக்குட்டி, என் தங்கமே, உன்னை மாதிரி அழகு உண்டா. தூ, தூ, தூ."

மூன்று தடவை, குழந்தையின் முகத்துக்கு நேரே. ஒரு பொட்டு எச்சில் கிடையாது, வெறும் சத்தம். லோட்டே பையிலிருந்து ஈரத்தாளை எடுத்துக் குழந்தையின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் துடைத்தாள். இன்னொரு தாளை எடுத்து இன்னொரு முறை துடைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள், சாப்பிடாமல்.

அன்று மத்தியானம் பண்டெலிஸ் அந்தூசாவை அலுவலக அறைக்குக் கூப்பிட்டான். அவன் பெண்டாட்டி மிர்தோ அங்கே போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். விருந்தாளிகள் இணையத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

"கிரா அந்தூசா, உக்காருங்க. அந்த டச்சுக்காரர் எழுதிருக்கார். படிக்கிறேன் கேளுங்க" என்று மிர்தோ ஆரம்பித்தாள். "'ஒரு நேர்மையான பார்வை'ன்னு தலைப்பு. 'கடலைப் பார்த்த அறை என்றார்கள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தால் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரிகிறது. குளிக்கிற தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கழிப்பறைத் தாளைக் குழியில் போடக் கூடாது, கூடையில் போட வேண்டும் என்று ஐந்து மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் கூடை இல்லை. கிழங்கு வறுவல் உறைந்தது. பாலாடைக்கட்டி பிளாஸ்டிக் தாளில் வருகிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். ஆனால் இன்று காலை உணவு பரிமாறும் பெண்மணி எங்கள் குழந்தையின் முகத்தில் மூன்று முறை காறித் துப்பினார்.'"

"காறித் துப்பினேனா?"

"அப்பிடித்தான் போட்ருக்கு" என்றாள் மிர்தோ.

"நான் தூன்னேன். துப்பல. புள்ளைக்குக் கண்ணு பட்டுறக் கூடாதுன்னு சொன்னேன். ஏன் பண்டெலி, உனக்குத் தெரியாதா? உனக்கு ஞானஸ்நானம் ஆன அன்னிக்கு நானே மூணு தடவை சொல்லிருக்கேன். அதுனாலதான் ஒரு குறையில்லாம இப்பிடித் தொப்பையும் தொந்தியுமா நிக்கிற."

"எனக்குத் தெரியும். ஹாலந்துக்காரனுக்குத் தெரியுமா? இத எத்தனை பேர் படிப்பாங்க தெரியுமா?"

"சரி, மத்ததுக்கு என்ன பண்ணப் போற? கூடை வாங்கி வைக்கச் சொல்லி நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. ஊரெல்லாம் கெழங்கு கெடக்கு, இங்க ஐஸ் கெழங்கு. அதையும்தான எழுதிருக்கான்?"

"அதெல்லாம் விடுங்க. குழாயை மாத்தணும்னா செவத்தை உடைக்கணும். கடலை நகத்தி வைக்க முடியுமா? இந்தத் துப்பல் விவகாரம் ஒண்ணுதான் உடனே சரி பண்ணக்கூடியது. ஒரு தட்டு தர்பூசணி எடுத்துட்டுப் போங்க. சாரின்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல வாயைத் தெறக்காதீங்க. அவன் அத எடுக்கலன்னா நீங்க இனிமே கூடத்துல இருக்க முடியாது. கீழ சலவைக்குத்தான் போகணும்."

சலவை அறை நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆறு குற்றச்சாட்டில் ஐந்து உண்மை, ஒன்று பொய். ஐந்துக்கும் சொந்தக்காரன் முதலாளி. பொய்யான ஒன்றுக்குத்தான் தண்டனை, அதுவும் அவளுக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போய்த் தர்பூசணியை வெட்டினாள். கத்தி பலகையில் விழுந்த சத்தத்தைக் கேட்டுச் சமையல்காரன் நகர்ந்து நின்றான்.

நீச்சல் குளத்தருகே ஆகஸ்ட் மாதத்து வடக்குக் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ரூட்கர் ஒரு கையால் குடையை அழுத்திப் பிடித்தபடி படுத்திருந்தான். லோட்டே அவளைப் பார்த்ததும் குழந்தையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். அந்தூசாவுக்குத் தெரிந்தது சாப்பாட்டு மேஜை ஆங்கிலம்தான். அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சாரி. நான் துப்பு இல்லை. பாப்பா அழகு. ரொம்ப அழகு, கண்ணு வரும். கெட்ட கண்ணு. தூ சொன்னா, கண்ணு ஓடிப் போயிடும்." திருஷ்டிக்காகச் சாவிக்கொத்தில் தொங்கிய நீலக் கண் மணியைத் தூக்கிக் காட்டினாள்.

லோட்டே மணியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். சிறிது நேரம் கழித்து முகம் இளகியது. "நாங்க மரத்தைத் தட்டுவோமே, அந்த மாதிரியா?" என்று கேட்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டினாள். அது பிளாஸ்டிக். தட்டிவிட்டுச் சிரித்துவிட்டாள். அந்தூசாவும் சிரித்தாள். அதோடு வந்திருக்கலாம்.

ரூட்கர் விடவில்லை. அவன் நியாயஸ்தன். "நான் எழுதினது தப்புன்னா திருத்திடறேன். வேற எதுவும் தப்பா எழுதிட்டேனான்னு சொல்லுங்க" என்று போனை எடுத்து வரிசையாகக் கேட்க ஆரம்பித்தான். "தண்ணி உப்பு?"

சாரிக்கு மேல் வாயைத் திறக்காதே என்று முதலாளி சொன்னது அந்தூசாவுக்கு நினைவிருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கேள்விகளை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்த வாய் அது.

"உப்பு."

"கிழங்கு?"

"ஐஸ். உன் ஊரு ஐஸ். ஹாலந்து."

"எங்க ஊர்லேருந்தா?" ரூட்கர் எழுந்து உட்கார்ந்தான். குடை பறந்து குளத்தில் விழுந்தது.

"பை பார். மேல எழுதியிருக்கு. பாலாடைக்கட்டி, அதுவும் இங்க இல்லை. நல்ல பாலாடைக்கட்டி மலை மேல. நீ பஸ் போ, மேல போ, அங்க சாப்பிடு. இங்க சாப்பிடாதே. தக்காளி சாப்பிடு, தக்காளி நல்லது."

நுணலும் தன் வாயால் கெடும். அந்தூசாவின் வாய்க்கு அன்று பூட்டே இல்லை.

சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டார்கள். மிர்தோ திருத்திய பதிவைப் படித்தாள். "'துப்பினார் என்று எழுதியது என் தவறு. வருந்துகிறேன். அது இந்தத் தீவின் அன்பான வழக்கம். மற்றவை எல்லாம் உண்மை. உணவுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் அந்தூசா அம்மையாரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன். இந்த ஹோட்டலுக்கு வருகிறவர்கள் எதைச் சாப்பிடலாம் என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.'"

"அவன் எடுத்துட்டான்ல?" என்றாள் அந்தூசா.

"எடுத்துட்டான்" என்றான் பண்டெலிஸ். அவன் குரல் உயரவே இல்லை. "நீ துப்பியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன் அந்தூசா. நாளைலேருந்து சலவை."

'கிரா'வும் போயிற்று, 'நீங்க'வும் போயிற்று. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

நிலவறையில் இரண்டு இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் மேலே படுத்துப் புரண்ட விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்ப வேண்டும். காலை எட்டு மணிக்குத் தலைக்கு மேலே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்கும். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு அந்தூசா அழுதாள். அழுததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். குளிர்காலம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது என்று தோன்றியது. ரூட்கர் குடும்பம் புதன்கிழமைக் கப்பலில் ஏறிப் போய்விட்டது. நல்லது செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு போயிருப்பார்கள், பாவம்.

ஏழாம் நாள் பண்டெலிஸ் படியிறங்கி வந்தான். இயந்திரங்களை நிறுத்தினான்.

"கிரா அந்தூசா, மேல வாங்க."

அவள் விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தாள். "ஏன், மேலயும் அழுக்கா?"

"புதுசா வந்த கும்பல்ல பாதிப் பேர் வரவேற்புல வந்து அந்தூசா எங்கன்னு கேக்குறான். படிச்சுட்டு வந்துருக்கான். உங்களோட படம் எடுத்துக்கணுமாம். மிர்தோ சொல்றா, நீங்க கூடத்துல இல்லன்னா நாம எதையோ மறைக்கறோம்னு எழுதுவாங்களாம்."

"மறைக்கத்தான செய்யற."

"ஒரே ஒரு நிபந்தனை" என்று பண்டெலிஸ் தலையைச் சொறிந்தான். "யாராவது சாப்பாட்டைப் பத்திக் கேட்டா நல்லாருக்குன்னு சொல்லணும். நீங்க நல்லாருக்குன்னா நம்புவாங்க. மாட்டேன்னா இங்கயே இருங்க. மார்ச்ல என் போனையும் எதிர்பாக்காதீங்க."

அந்தூசா விரிப்பை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, படியேறினாள். முழங்கால் வலித்தது. வெளிச்சத்தில் கண் கூசியது.

மதிய உணவு நேரம். கூடம் நிரம்பியிருந்தது. நாலைந்து பேர் அவளை அடையாளம் கண்டு கையசைத்தார்கள். பண்டெலிஸ் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு கைகளைக் கட்டி நின்றான். நீளத் தட்டில் மீன் வைத்திருந்தது. எந்தக் கடலில் பிடித்து எத்தனை மாதம் பெட்டியில் கிடந்ததோ, நாக்சோஸ் கடலை அது கண்ணால் கண்டதில்லை.

பெரிய உடம்புக்காரர் ஒருவர், ஜெர்மனிக்காரராக இருக்க வேண்டும், தட்டோடு அவளிடம் வந்தார். மீனைச் சுட்டிக் காட்டினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலைச் சுட்டிக் காட்டினார். இங்கே பிடித்ததா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

கதவருகே பண்டெலிஸ் நிமிர்ந்தான்.

அந்தூசாவால் பொய் சொல்ல முடியவில்லை. புருவத்தைத் தூக்கி, முகவாயை மேலே உயர்த்தித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நாக்கால் 'ச்சு' என்றாள். தீவில் பிறந்த கைக்குழந்தைக்கும் அதன் அர்த்தம் தெரியும். இல்லை.

தலை அசைந்ததை ஆமென்று எடுத்துக்கொண்ட ஜெர்மனிக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆகா" என்றார். இரண்டு துண்டு எடுத்தார். திரும்பித் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாளும் எழுந்து வந்து இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். பின்னாலேயே பக்கத்து மேஜைக்காரர்களும் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

கதவருகே பண்டெலிஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. பிறகு அவளைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினான். இந்த ஏற்பாடு அவனுக்குச் சம்மதம்.

ஒரு வார்த்தை போதும். 'இல்லை' என்று ஏழு மொழியில் சொல்ல அந்தூசாவுக்குத் தெரியும், ஜெர்மன் உட்பட. அந்தப் பெரிய மனிதர் முதல் துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடி ரசித்தார். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, காலித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.