பாதி சுரண்டிய ஸ்டிக்கர்

இரும்புலியூரில் ரோஸி அக்கா ஜெபம் பண்ண ஆரம்பித்தால், ஜி.எஸ்.டி. ரோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவான். அப்படி ஒரு தொண்டை. பகலெல்லாம் சேலையூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் நூற்றிருபது பேருக்குச் சமையல். வாரத்தில் மூன்று சாயங்காலம் சமைத்த அந்தக் கை ஜெபத்துக்காக யாராவது ஒரு நோயாளியின் தலைமேல் இருக்கும். புருஷன் ஏசுபாதம் குடித்தே செத்த பிறகு, தன்னையும் ஒற்றை மகன் அன்பையும் கரையேற்றியது ஜெபம்தான் என்று அவள் நம்பினாள். அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால் நம்பிக்கையோடு கூடவே ஒரு தீர்மானமும் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் கெடுதல் நுழைந்தால், அந்த வீட்டார் எங்கேயோ பிசாசுக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் தீர்ந்தது. கண்டுபிடிப்பதில் ரோஸி கெட்டிக்காரி. டிவிக்குப் பின்னால் கிடக்கும் திருஷ்டிப் பொம்மைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அடுத்த தெருவில் தையல் வேலை செய்யும் ஜீவிதாவின் மகள் மிருதுளாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஏழு வயதுக் குழந்தை. ஜீவிதா ரோஸி போகும் சபையைச் சேர்ந்தவள்தான். அவள் புருஷன் கதிரேசன் பெயிண்டர், இந்து. சபையின் சந்திரிகாவைக் கூட்டிக்கொண்டு ஜெபம் பண்ணப் போன ரோஸி, பிள்ளையின் மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தாள்.

"இத கட்டிகினு ஆண்டவர்கிட்ட சொகம் கேட்டா எப்டிடி குடுப்பாரு? வாசல் இங்கதான் தொறந்துகீது. கத்திரிக்கோல எடு."

குழந்தை கையை இழுத்துக்கொண்டது. "வேணாம், அது அப்பா கட்டுனது" என்று அழுதது. ஜீவிதாவே அந்தக் கையைப் பிடித்துக்கொடுத்தாள். ரோஸி வெட்டினாள்.

பதினோராம் நாள் மிருதுளா போய்விட்டாள். சாவு வீட்டில் ஜீவிதாவைக் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் விசுவாசமா இருந்திருக்கணும்மா" என்றாள் ரோஸி. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவி. ஜீவிதா அதற்குப் பிறகு சபைப் படி ஏறவில்லை. சாத்தான் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சொல்லிவிட்டு, ரோஸி அடுத்த வீட்டு நோயாளியைப் பார்க்கப் போனாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்தத் தை மாதம், கூரியர் பார்சல் கொடுக்கப் போன அன்பை வண்டலூரில் ஒரு லாரி அடித்துவிட்டது. இருபத்து நாலு வயது. ஹாஸ்டலில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்டாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேருமுன் முகத்தை மூடிவிட்டார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், சின்ன வயது. "இது சோதனை சிஸ்டர். பொன்னைப் புடம் போடுறாரு" என்றார்.

"என்னப் புடம் போடட்டும் பாஸ்டர். எம்புள்ளைய எதுக்கு?" என்றாள் ரோஸி. அவர் வேதப் புத்தகத்தைப் புரட்டினார். போகும்போது, வருகிற மாதக் கடைசி ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல வேண்டும், உங்கள் விசுவாசத்தைப் பார்த்து நாலு பேர் திடப்படுவார்கள் என்றார். ரோஸி தலையாட்டினாள். அவர் போன பிறகு முழங்கால் போட்டுப் பார்த்தாள். ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்கூட வாயிலிருந்து வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் அன்பின் பைக்கைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். முன்பக்கம் நசுங்கிப் போய் வாசலில் நின்றது. பார்க்க வந்த சந்திரிகா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சட்டென்று குனிந்தாள்.

"யக்கா, இங்க வந்து பாரேன்! வேல் ஸ்டிக்கர். வாசல் இங்கதான் தொறந்துகீது. உன்மேல தப்பு இல்லக்கா, புள்ளதான் கவனிக்காம வுட்டுக்கிறான். நாளைக்கு இதயும் சேத்து சாட்சியா சொல்லு."

அவள் குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. அத்தனையும் ரோஸி கற்றுக்கொடுத்த பேச்சு.

பழைய வண்டியாக வாங்கியபோது முந்தின சொந்தக்காரர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அது. சுரண்டி எடுடா என்று அவள்தான் சொன்னாள். பிளேடால் பாதி சுரண்டிவிட்டு, "மீதி மழைல போய்டும்மா" என்று அன்பு சிரித்தான். மீதி போகவில்லை. அந்தப் பாதி ஸ்டிக்கருக்காகவா கடவுள் பிள்ளையைக் கைவிடுவார்? இல்லை. அதில் அவளுக்குத் துளி சந்தேகமில்லை. அப்படியானால் அந்தக் குழந்தையின் கயிறு? அங்கே அவள் மனசு நின்றுவிட்டது. சந்திரிகா சொல்வதை ஒப்புக்கொண்டால் அன்பு குற்றவாளி. ஒப்புக்கொள்ளாவிட்டால், மிருதுளாவின் கையில் இருந்த கயிற்றை வெட்டியதற்குத் தான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஞாயிறு காலை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பியவள், சபைத் தெருவைத் தாண்டிப் போய் ஜீவிதாவின் கதவைத் தட்டினாள்.

ஜீவிதா வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு வழிவிட்டாள். உள்ளே மாலை போட்ட மிருதுளாவின் படம். அதன் ஆணியில் அந்தக் கறுப்புக் கயிறு, வெட்டிய முனைகளை முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

"அன்னைக்கு நான் பேசினது ஆண்டவர் பேச்சு இல்ல ஜீவிதா. என் வாய்த்திமிரு. என்ன மன்னிச்சிடு."

"மன்னிப்பெல்லாம் என்னால சொல்ல முடியாதுக்கா. நீ வெட்டுன. கைய புடிச்சது நான்." ஜீவிதா படத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னிலேர்ந்து போற வரைக்கும் அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுகினு இருந்தா. 'நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்'னு. தப்பு இல்லன்னு சொன்னா என் விசுவாசம் கொறஞ்சிடும்னு நான் பதிலே சொல்லல. நீ சொல்லுக்கா அவகிட்ட."

ரோஸி படத்தின் முன்னால் போய் நின்றாள். பஸ் ஸ்டாப்புக்குக் கேட்கும் அந்தத் தொண்டையில் காற்றுதான் வந்தது.

"நீ ஒரு தப்பும் பண்ணல கண்ணு" என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "ஒரு தப்பும் பண்ணல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் போன நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. ஜீவிதா தொடவில்லை, தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"அன்பும் ஒண்ணும் பண்ணலக்கா" என்றாள்.

ரோஸி சொம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாளில் அவள் வீட்டுக்கு வந்துபோன அத்தனை பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லியிருக்கவில்லை.