போகும் ஊரில் கார் கேட்டவர்

விமான டிக்கெட்டோடு கார் வாடகையும் விசாரிக்க வருகிறவர்களிடம் அன்வரி பேகம் உடனே விலை சொல்ல மாட்டார். "நீங்க எங்க எறங்குறீங்கன்றது எனக்கு வாணாம் சார். அன்னைக்கு ராத்திரி எங்க படுத்துப்பீங்க, அத்த சொல்லுங்க" என்பார். சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஆனால் பதில் சொன்னவர்கள் யாரும் அதிக வாடகை கொடுத்து ஏமாந்ததில்லை.

தி. நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், ஜவுளிக் கடை மாடியில் எங்கள் அலுவலகம். மூன்று மேஜைகள், இரண்டு தொலைபேசிகள். விமான டிக்கெட் எழுதுவது என் வேலை. கார், தங்கும் விடுதி எல்லாம் அவர் வேலை. மீர்சாகிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். நாங்கள் எல்லோரும் அவரை உருதுவில் அக்கா என்று பொருள்படும் 'ஆபா' என்றுதான் கூப்பிடுவோம். வாடிக்கையாளர்களும் நாளடைவில் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். போன மாதம் இருபதாம் தேதி காலமானார். அவர் எத்தனை ஆயிரம் கார்களை அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு காரைப் பற்றி மட்டும் முழுதாகத் தெரியும்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாடகைக் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு நாம் ஏறும் இடத்தில் தொடங்குவதில்லை. வண்டி தன் ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி ஷெட்டுக்குள் நுழையும் வரை எண்ணுவார்கள். நாம் இறங்கிய பிறகு வண்டி காலியாக ஓடும் தூரத்துக்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம். ஆபாவின் கணவர் உயிரோடு இருந்தவரை டாக்ஸி ஓட்டியவர். காலி வண்டி என்றால் என்ன என்பது ஆபாவுக்குச் சோற்றோடு சேர்ந்து தெரிந்த விஷயம்.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் ஒரு மதியம் லூர்துமேரி மாடி ஏறி வந்தாள். சாந்தோம் குப்பத்துக்காரி. மீர்சாகிப்பேட்டைத் தெருக்களில் மீன் விற்பவள், அதனால் ஆபாவுக்குப் பழக்கம். கூடையைக் கீழே படிக்கட்டுப் பக்கம் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, மதுரைக்கு ரெண்டு பிளேன் டிக்கட் போடு."

"இன்னா மேரி, லாட்டரி வுழுந்துச்சா?"

"லாட்டரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. டாக்டர் சொன்னாரு."

அவள் கணவர் லூர்துசாமி படகை மணலில் ஏற்றும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். மகள் ஜான்சிக்கு மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை கிஷோரின் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் மணப்பாடு. அவன் கப்பலில் வேலை செய்பவன். திங்கட்கிழமை கப்பல் ஏறியாக வேண்டும், தேதியை மாற்ற வழியில்லை. டாக்டரோ, ஆறு வாரம் ரயிலும் கிடையாது பஸ்ஸும் கிடையாது, ஏறி இறங்கிக் குலுங்கினால் கம்பி நகர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டார். லூர்துமேரி விடாமல் கேட்கவே, "போய்த்தான் ஆகணும்னா பிளேன்ல கூட்டிட்டுப் போம்மா" என்றிருக்கிறார். அவர் அலுத்துப்போய்ச் சொன்னது. இவள் அதை மருந்துச் சீட்டைப் போல எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அவரு இன்னா சொல்றாரு?" என்று ஆபா கேட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க, நா படுத்துக்கினு கீறேன்றாரு. பொண்ணு, நைனா கை புடிச்சிக்கினு வந்தாத்தான் கோயிலுக்குள்ள போவேன்னு குந்திக்கினு கீறா. ரெண்டு பேரு நடுவுல நா மாட்டிக்கினு கீறேன்."

அந்தச் சமயத்தில் ஒரு தனியார் விமானக் கம்பெனி வாரத்தில் மூன்று நாள் மதுரைக்குச் சிறிய விமானம் விட்டது. மூன்று வாரம் முன்னால் வாங்கினால் டிக்கெட் மலிவு. ஆனால் நாளை மாற்ற முடியாது, வேண்டாமென்றால் பணம் திரும்பி வராது. கல்யாணச் சனிக்கிழமை காலையில் ஒரு விமானம் இருந்தது. எட்டரைக்கு மதுரை. கல்யாணம் சாயங்காலம் நாலரைக்கு. இடையில் இருநூறு கிலோமீட்டர். அம்பாசடர் பின்சீட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு போனால் லூர்துசாமி தாங்குவார்.

டிக்கெட் பணம் போக லூர்துமேரியிடம் காருக்கு மிஞ்சியது எழுநூறு ரூபாய். நான் மதுரையில் தெரிந்த நான்கு டிராவல்ஸ்காரர்களைக் கேட்டேன். குறைந்த விலை ஆயிரத்து எண்ணூறு. மணப்பாடு போய் இறக்கிவிட்டு மதுரைக்குக் காலியாகத் திரும்ப வேண்டுமே.

"மதுரைல எதுக்கு கேக்குற நீரஜா?" என்றார் ஆபா. "மதுரைக்காரனுக்கு மணப்பாட்டுல இன்னா வேல? இவங்கள ஏத்திக்கினு போற பிளேனு, அங்கேர்ந்து ஆள ஏத்திக்கினு திரும்பி வரும்ல? அந்த ஆளுங்கள்ள ஒருத்தன் தெக்கத்தியான் இருப்பான். அவன ஏர்போர்ட்ல வுட்டுட்டு அவன் வந்த காரு காலியா ஊருக்குப் போவும். அதுல இவங்க குந்திக்கினு போனா முடிஞ்சிது."

சொல்லிவிட்டு அவர் தொலைபேசி அலுவலகத்துக்குப் போய், வெளியூர் டைரக்டரியைப் புரட்டி, தூத்துக்குடி டிராவல்ஸ் எண்கள் ஐந்தைக் குறித்துக்கொண்டு வந்தார். எங்கள் அலுவலக போனில் வெளியூர் பேச முதலாளி பூட்டு போட்டிருந்தார். எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு இருவரும் போனோம். முதல் மூன்று எண்களில் காரியம் ஆகவில்லை. நான்காவதில் வெள்ளைத்துரை என்பவர் எடுத்தார். கணீர்க் குரல், வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"அண்ணாச்சி, மே மாசம் மூணாவது சனிக்கெழம உங்க வண்டி எதுனா மதுரை ஏர்போர்ட்டுக்குப் போவுதா?"

"கப்பல் கம்பெனி மேனேஜரு சனிக்கெழமதோறும் போவாரு. ஏன், நீங்க வருதியளா?"

"நா வர்ல. வண்டி திரும்புறப்ப ரெண்டு பேரு வருவாங்க. மணப்பாட்டுல எறக்கணும்."

"ஆயிரத்தி எரநூறு ஆவும்மா."

"மேனேஜர் சாருகிட்ட போவ வர ரெண்டுக்கும் வாங்கிடுவீங்க. காலி சீட்டுக்கு ஒரு தபா, அதே சீட்டுல ஆள் குந்துனா இன்னொரு தபாவா அண்ணாச்சி?"

 பூத் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஒங்களுக்கு இதெல்லாம் யாரு சொன்னா?"

"டாக்ஸிக்காரன் பொண்டாட்டிக்கு யாரு வந்து சொல்லணும்? தூத்துக்குடிலேர்ந்து மணப்பாடு போய்ட்டு வர நூத்திப்பத்து கிலோமீட்டரு. அதுக்குக் குடுக்குறேன், டிரைவர் படி குடுக்குறேன். ஐந்நூத்தி அம்பது."

"அறுநூறா வச்சுக்கிடுங்க. மூச்சு விட எடம் வேணும்லா."

அறுநூறில் முடிந்தது. அன்றே நான் இரண்டு டிக்கெட்டுகளையும் எழுதினேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வெள்ளைத்துரையே கூப்பிட்டார். மேனேஜர் இந்த வாரம் போகவில்லையாம்.

"வண்டிய உங்களுக்குன்னே தனியா அனுப்புனா ஆயிரத்தி எழுநூறுக்குக் கொறஞ்சு கட்டாதும்மா. நான் ஏமாத்துதேன்னு நெனைச்சிராதிய."

"உங்க மேல தப்பு இல்ல அண்ணாச்சி. ஒரே ஆள நம்புனது என் தப்பு. வண்டிய சாய்ங்காலம் வரைக்கும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

ஜான்சியும் உறவினர்களும் முந்தின இரவே ரயிலில் போய்விட்டிருந்தார்கள். அலுவலகத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மீதி ஆயிரத்தைச் சேர்க்கலாம் என்று நான் சொன்னேன். ஆபா கைப்பையை எடுத்துக்கொண்டே, "மேரி மீன் விக்கிறவ. ஒரு ரூபா சேத்துக் குடுத்தாலும் மூஞ்சில வுட்டெறிவா. அவளுக்கு வேண்டியது வெல. பிச்ச இல்ல" என்றார்.

தேனாம்பேட்டையில் இருந்த அந்த விமானக் கம்பெனியின் அலுவலகத்துக்கு இருவரும் போனோம். கவுண்டரில் குருபிரசாத் என்ற இளைஞர். தினமும் எங்களோடு போனில் பேசுகிறவர். சனிக்கிழமை மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தில் தெற்கிலிருந்து யார் வருகிறார்கள் என்று ஆபா கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"பேசஞ்சர் பேரெல்லாம் வெளிய சொன்னா என் வேலை போயிடும் ஆபா."

"பேரு எவன் கேட்டான் நைனா? நம்பர நீயே பாரு, நீயே போன் போடு. ஏர்போர்ட்டுக்கு எப்டி வர்றீங்கன்னு மட்டும் கேளு. பேசஞ்சர் நல்லபடியா வந்து சேர்றாங்களான்னு கம்பெனி கேக்கக் கூடாதா?"

குருபிரசாத் யோசித்தார். பிறகு பட்டியலைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். தூத்துக்குடி எண் ஒன்றுகூட இல்லை. திருச்செந்தூர் எண்ணும் இல்லை. எல்லாம் மதுரை, சிவகாசி. "மிச்சம் அஞ்சு நம்பர் மெட்ராஸ்தான் ஆபா. அதால உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல" என்றார்.

ஆபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மதுரைலேர்ந்து வர்ற ஆளுக்கு இங்க எதுக்கு நம்பர் குடுத்துக் கீறாங்க? பெத்தவங்களுக்குப் புள்ளைங்க இங்க டிக்கட் வாங்கிக் கீறாங்க. அந்த அஞ்சயும் போடு."

முதல் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. அடுத்த இரண்டும் மதுரைக்காரர்கள். நான்காவது ஆதம்பாக்கம். பேசிக்கொண்டிருந்த குருபிரசாத் திடீரென்று நிமிர்ந்து, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "திருச்செந்தூர்" என்றார். மணப்பாட்டுக்குப் பக்கத்து ஊர். அந்தப் பக்கம் பேசியவரின் அனுமதி கேட்டுவிட்டு போனை ஆபாவிடம் கொடுத்தார். அவர் பெயர் ஸ்ரீவத்சன். பெற்றோர் பேரக்குழந்தையைப் பார்க்க முதன்முதலாக விமானத்தில் வருகிறார்கள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ் ஏறிண்டு மதுரைக்கு வரப் போறா. கார் விசாரிச்சேன், ஆயிரத்தெண்ணூறு சொல்றான். அப்பா கேட்டுட்டு, அந்தக் காசுல உன் கல்யாணத்தையே பண்ணினேன்னு சொல்லிட்டார்."

"கார எங்க சார் விசாரிச்சீங்க?"

"மதுரையிலதான். ஏர்போர்ட் அங்கதானே இருக்கு?"

"அதான் சார் எல்லாரும் பண்றது. மதுரை வண்டி காலியா திருச்செந்தூர் வந்து அவங்கள ஏத்திக்கினு போவணும். அந்தக் காலி ஓட்டத்துக்கும் நீங்கதான் குடுக்கணும். நா தூத்துக்குடி வண்டி அனுப்புறேன். மூணு மணிக்கு வூட்டு வாசல்ல வந்து நிக்கும், ஏர்போர்ட் வாசல்ல எறக்கிவுடும். ஆயிரம். திரும்புற வழிக்கு வேற ஆளு கீது, அத்த அவங்க குடுப்பாங்க."

"நிச்சயமா வருமா மாமி? வயசானவா."

"பாய் வூட்டு மாமி சொல்றேன். வரும்."

மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது. "ஆத்துல ஒரு வார்த்தை கேட்டுண்டு பத்து நிமிஷத்துல சொல்றேன்" என்றார். ஏழாவது நிமிடமே கூப்பிட்டுச் சரி என்றார்.

ஸ்ரீவத்சன் ஆயிரம், லூர்துமேரி எழுநூறு. வெள்ளைத்துரைக்கு அவர் கேட்ட தொகை ஒரு ரூபாய் குறையாமல் கிடைத்தது. அவரிடம் ஆபா விவரம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சிட்டியளா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "எம்மா, நீங்க எங்க ஊர்ல தொழில் பண்ணாம இருக்கியளே, அது எங்க குடுத்துவெப்பு" என்றார்.

சனிக்கிழமை விமானம் கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அன்று அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. ஆபா மட்டும் வழக்கம்போல ஒரு ஊட்டிக் குடும்பத்துக்கு விடுதி பேசிக்கொண்டிருந்தார். பத்தரைக்கு ஸ்ரீவத்சன் விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். அப்பா அம்மா வந்துவிட்டார்கள். டிரைவர் இவர்களை இறக்கிவிட்டு, ஊன்றுகோலோடு வந்த ஒருவருக்காகத் தலையணையுடன் வாசலில் நின்றாராம். தலையணையை அனுப்பியது வெள்ளைத்துரை. அதை யாரும் கேட்கவில்லை.

ஒன்றரைக்கு வெள்ளைத்துரையின் போன். "ஒண்ணேகாலுக்கு மணப்பாட்டுல ஆள எறக்கியாச்சு. நல்லா தூங்கிட்டு வந்தாராம்." அவருக்கு இன்னொரு விஷயமும் பேச வேண்டியிருந்தது. சனிக்கிழமை மட்டுமல்ல, செவ்வாயும் வியாழனும்கூடத் தன் வண்டிகள் மதுரையிலிருந்து காலியாகத்தான் திரும்புகின்றன என்றார். ஆபா ஒரு புது நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அதற்குப் பிறகு தெற்கே போகிற எங்கள் வாடிக்கையாளர்கள் யாரும் மதுரை விலை கொடுக்கவில்லை.

ஆறு வாரம் முடியும்வரை லூர்துசாமியைச் சம்பந்தி வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வாரம் லூர்துமேரி வந்து சொன்னாள். கோயில் வாசலில் சக்கர நாற்காலி கொண்டுவந்து வைத்திருந்தார்களாம். லூர்துசாமி அதைப் பார்க்கக்கூட இல்லையாம். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் ஜான்சியின் கை. வாசலிலிருந்து பீடம் வரை எங்கும் உட்காராமல் நடந்திருக்கிறார். பாட்டுக்காரர்கள் ஒரே பாட்டை மூன்று தடவை பாட வேண்டியிருந்ததாம்.

"மூணாந் தபா பாடறப்ப ஜனமே கூட சேந்து பாடுது அக்கா. இவரு இன்னாடான்னா அப்பவும் மெதுவாத்தான் போறாரு. பொண்ண குடுக்கப் போறோம், இன்னா அவசரம்னு."