குளக்கரையில் நான் நடத்திய பாடம்

குளத்தைக் காப்பது பற்றிப் பாடம் நடத்த என்னைவிட யோக்கியமான ஆள் கிடையாது என்று அப்போது எனக்கு நினைப்பு. வேலம்பாளையத்தில் எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு குளம் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கேயே கூட்டிப்போனேன். நாரைகளைக் காட்டினேன். இங்கே தண்ணீர் தங்கினால்தான் நம் கிணறுகளில் ஊறும், இதில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு மனசாட்சியே கிடையாது என்று வாய் வலிக்கப் பேசினேன்.

பிறகு கரையோரக் குப்பையைப் பொறுக்கச் சொன்னேன். ஒரு சிறுமி குச்சியால் ஒரு மூட்டையை இழுத்தாள். அது பிரிந்து பனியன் வெட்டுத் துண்டுகள் சரிந்தன. வெள்ளையில் மஞ்சள் கோடு. பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. என் கணவர் நடத்தும் பனியன் கம்பெனியின் துணி அது. வெட்டி மிஞ்சுவதில் நல்ல வேஸ்ட்டை வியாபாரி வாங்கிப்போவார், எண்ணெய்க் கறை பட்டதைத் தொடமாட்டார். அந்த மூட்டைகள் எங்கே போகின்றன என்று நான் கேட்டதே இல்லை. தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

அந்தச் சிறுமியின் அம்மா எங்கள் கம்பெனியில்தான், தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தார். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். வெட்டுத் துண்டுகளில் நீளமானதை எடுத்துப்போய் மகளுக்கு ரிப்பனாகக் கட்டிவிடுவார். சிறுமி ஈரத் துணியைத் தன் சடையோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள்.

"டீச்சர், இது எங்கம்மா வேல பாக்குற கம்பெனித் துணில்லா. என் ரிப்பனப் பாருங்க."

கண்டுபிடித்துவிட்ட பூரிப்பு அவள் முகத்தில். "இந்த மாதிரித் துணி ஊர் பூரா ஓடுதுங் கண்ணு, கீழ போடு" என்றேன். மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அவர்களை அதட்டவில்லை.

வீட்டில் கணவரிடம் சண்டை பிடித்திருக்கவேண்டும். ஒரு பிள்ளை நம் துணியை அடையாளம் சொல்லிவிட்டது என்று மட்டும் சொன்னேன். யார் பிள்ளை என்று கேட்டார். அதையும் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து அவள் என் மேசைக்கு வந்தாள். தலையில் கடையில் வாங்கிய சிவப்பு ரிப்பன்.

"அது எங்கம்மா கம்பெனித் துணி இல்ல டீச்சர். எங்கம்மா சொல்லச் சொன்னா."

சரி, போய் உட்கார் என்றேன். அன்று திருத்திய நோட்டுகளில் அவளுடையதும் இருந்தது. குளத்தில் யாராவது குப்பை கொட்டுவது தெரிந்தால் பயப்படாமல் ஆசிரியரிடம் சொல்லவேண்டும் என்று, நான் சொல்லிக்கொடுத்தபடியே, குண்டு குண்டாக எழுதியிருந்தாள். அதற்குச் 'சரி' போட்டுக் கையெழுத்திட்டேன்.