அப்பாவின் காதுக்கருவிக்கு ஒரு பொட்டு

தொழிற்சாலை இரைச்சலில் அப்பாவின் காது மந்தமாகிவிட்டது. செவித்திறன் துறையில் படிக்கும் எனக்கு, அவருடைய புதிய காதுக்கருவி எவ்வளவு உதவுகிறது என்று பார்த்துவிட ஒரே துடிப்பு. விடுமுறைக்குப் பத்து பெரண்டாம் என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். கேட்கும் சொல்லைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, பின்னால் நின்று, "பசார், பஸ், லோரி" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஒன்றைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. முன்னால் வந்து நின்றேன்.

"எனக்கு இது ஒத்து வரலம்மா, திருப்பிக் குடுத்துடு," என்றார். "யார்கிட்டயும் பேசாம உக்காந்திருந்து பழகிடுச்சு."

கருவியைக் கழற்றிப் பார்த்தேன். மைக் துளை முழுக்கக் குங்குமம்.

"புது சாமானுக்குப் பொட்டு வைக்காம இருப்பாங்களா? காருக்கும் வெச்சேன்தானே!" என்றார் அம்மா.

"காருக்குக் காது கேக்க வேணாம் லா, அம்மா!" என்றேன். அப்பாவின் பக்கம் திரும்பி, உரக்கக் கேட்டேன்: "நீங்களாவது தொடைச்சிருக்கலாமேப்பா?"

"அவ கும்பிட்டு வெச்சதை எப்படிம்மா தொடைக்கிறது?"

சின்னத் தூரிகையால் குங்குமத்தை எடுத்து, கருவியின் பெட்டிமேல் பொட்டாக வைத்தேன். அம்மா சமாதானமாகி அடுப்படிக்குப் போனார். அப்பா கருவியை மாட்டிக்கொண்டு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா அங்கிருந்து முணுமுணுத்தார்: "தேத்தண்ணி வேணுமான்னு கேட்டா யாருக்குக் கேக்கப் போகுது..."

"வேணும். சீனி கம்மியா போடு," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே.