டங்கனின் கில்ட்டும் என் இரண்டு ஜீன்ஸும்

ஈரக் கம்பளி வாசனை மூக்கில் பட்டால் போதும்... என் தொடை இன்றைக்கும் சில்லிட்டுப் போகும். கூடவே டங்கனின் சிவந்த முழங்கால்கள் ஞாபகத்துக்கு வரும்.

1996 பிப்ரவரி. சான்டா கிளாராவில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டீம் மொத்தமும் ஒரு நாள் லேக் டாஹோவுக்குப் பனிச்சறுக்கு ஆட, ஸ்கீ ட்ரிப் போகலாம் என்றார் மேனேஜர் ரோஜர். கோபிசெட்டிபாளையத்துக்காரனுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் என் கிரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவர் ரோஜர். அந்த மாதம் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். கோமாளி மாதிரி அவர் முன்னால் நிற்கக்கூடாது, தேறிவிடுவான் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்... அவ்வளவுதான் என் கவலை. உடனே தலையாட்டிவிட்டேன்.

என்ன போட்டுக்கொள்வது என்று ரூம்மேட் செந்திலிடம் கேட்டேன். அவனும் பனியைப் பார்த்ததில்லை.

"ஒரு ஜீன்ஸ் பத்தாதுடா. ரெண்டு போட்டுக்க, ஒண்ணு மேல ஒண்ணு. அப்புறம் குளிர் எந்த வழியா உள்ள வருதுன்னு பாத்துடலாம்."

போட்டேன். மேலே போட்டது செந்திலுடையது. காரில் உட்காரும்போதே முழங்கால் மடங்க மறுத்தது.

டாஹோவில் இடுப்புயரத்துக்குப் பனி. பார்க்கிங்கில் ஒரு பழைய ட்ரக்கிலிருந்து எங்கள் ஹார்டுவேர் லேப் டங்கன் இறங்கினான். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டைத் தாடி. இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை, அதாவது கில்ட். கீழே தடித்த சாக்ஸ். நடுவில் இரண்டு முழங்காலும் வெறுமையாக, காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

அவன் தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவராம். பனியில் சறுக்கினாலும் சரி, மலை ஏறினாலும் சரி, அவனுக்குக் கில்ட்தான்.

பிறகு அவன் சரிவில் இறங்கியதைப் பார்த்தேன்... கில்ட்டின் மடிப்பெல்லாம் குடை மாதிரி விரிய, பனித்தூள் இரண்டு பக்கமும் தெறிக்க, ஒரு சத்தமும் இல்லாமல் வளைந்து வளைந்து போனான். வாயைப் பிளந்தபடி நின்றேன். உடம்பு சிலிர்த்தது குளிரால் இல்லை.

நானோ, அபார்ட்மென்ட்டில் லுங்கி கட்டுவதற்கு முன்னால் திரைச்சீலையை இழுத்து மூடுகிறவன். குப்பை போட நாலு அடி போவதற்குக்கூட பேன்ட்டுக்கு மாறுகிறவன். இவனுக்கு மட்டும் எப்படி இந்தத் தைரியம்?

என் ஸ்கீயிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். மதியத்துக்குள் இரண்டு ஜீன்ஸும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன. காற்று அடிக்க ஆரம்பித்ததும் பலகை மாதிரி விறைத்துப் போயின. தொடையைக் கிள்ளினேன், வலிக்கவில்லை. பார்க்கிங்குக்கு இன்னும் ஒரு மைல். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அப்போது நிஜமாகவே பயந்தேன்.

கடைசியாக வந்த டங்கன் என்னைப் பார்த்து நின்றான். அவன் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் இத்தனை வருடத்தில் என் ஞாபகத்துக்குள் அவன் தமிழே பேசுகிறான்.

"கால்ல உணர்ச்சி இருக்கா?"

"இல்ல."

"பருத்தி நனைஞ்சா காயாது. அதைக் கழட்டு முதல்ல."

பனியில் விரித்து உட்கார அவன் பையில் ஒரு பழைய கில்ட் வைத்திருந்தான். பைன் மரத்துக்குப் பின்னால், அவன் ஜாக்கெட்டைத் திரையாகப் பிடித்துத் திரும்பி நிற்க, நான் மாற்றிக்கொண்டேன். உரித்துப் போட்ட ஜீன்ஸ் இரண்டும் பனியில் தானாக நின்றன. உள்ளே என்ன போட்டிருந்தேன் என்று கேட்காதீர்கள். டங்கனிடம் நானும் கேட்கவில்லை.

பவானி ஜமக்காளத்தின் கனம் அந்தக் கில்ட். பத்தே நிமிடத்தில் தொடையில் ஊசி குத்துவதுபோல் உயிர் திரும்பியது. அந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை எனக்கு.

அவனுக்கு முழங்கால் வரை வருவது எனக்குக் கெண்டைக்கால் வரை வந்தது. விளிம்பு பனியில் இழுபட்டது. யோசிக்கவே இல்லை... கை தானாகப் போய் விளிம்பைத் தூக்கி இடுப்பு பெல்ட்டில் செருகியது. வாய்க்கால் வரப்பில் நடக்கிற மாதிரி விறுவிறுவென்று நடந்தேன். டங்கன் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தான்.

பார்க்கிங் நெருங்கும்போது எதிரே ரோஜர்.

என் கை மறுபடி தானாகப் போனது. செருகியதை உருவி, கீழே இறக்கிவிட்டு, நேராக நின்றேன். ரோஜர் மேலும் கீழும் பார்த்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"கலர் உனக்கு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டங்கன் மட்டும் விடவில்லை. "அவர் வந்ததும் எதுக்கு இறக்கி விட்ட?"

"எங்க ஊர்ல பெரியவங்க முன்னால மடிச்சுக் கட்டிட்டு நிக்க மாட்டோம். மரியாதை."

குனிந்து தன் கில்ட்டின் விளிம்பைப் பார்த்தான். "இது எனக்குத் தெரியாம போச்சே" என்றான்.

அந்த மாதமே ரோஜர் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் லுங்கியோடு போய்க் குப்பை போட்டுவிட்டு வந்தேன்.

2001இல் சான் ஹோசேயில் என் கல்யாண ரிசப்ஷன். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார், வேட்டி சட்டையோடு. சாப்பாட்டு வரிசையில் டங்கன், அதே கில்ட்டில். "அப்பா, இவர்தான் டங்கன்" என்றேன். அவன் தட்டைக் கீழே வைத்தான். இரண்டு கையாலும் கில்ட்டின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தான். அது முழங்காலைக்கூட மறைக்கவில்லை. இருந்தாலும் இழுத்துவிட்டுத்தான் கை கொடுத்தான்.

"ஆரு கண்ணு இது, நம்ம பக்கத்து ஆளாட்டவே இருக்கறாரு" என்றார் அப்பா என் காதில்.

பிறகு டங்கன் மொன்டானா பக்கம் போய்விட்டான். தொடர்பு விட்டுப் போயிற்று. இப்போது டாஹோவில் எல்லோருக்கும் வாட்டர்ப்ரூஃப் பேன்ட். என் பெண்ணுக்கும்தான். "Two jeans? Seriously, Appa?" என்று சிரிக்கிறாள்.

மீட்டிங்கெல்லாம் வீடியோவுக்கு மாறிவிட்டன. மேலே சட்டை, கீழே மடித்துக் கட்டிய வேட்டி. இடுப்புக்குக் கீழே யாருக்கும் தெரியாது. ஆனாலும் பெரிய மேனேஜர் ஸ்கிரீனில் வந்ததும் மேஜைக்கு அடியில் என் கை போய் வேட்டியை இறக்கிவிடுகிறது.

டங்கன் மட்டும் அந்த மீட்டிங்கில் இருந்தால்... என் தோள் அசைவதைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பான்.